பழைய கைக்கடிகாரத்தில் துரு: எதை மாற்றுவது, எதை விடுவது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நான் பழைய வாட்ச் சேர்ப்பவன் என்பது தெரிந்ததிலிருந்து, சொந்தக்காரர்களும் நண்பர்களின் நண்பர்களும் ஆளுக்கொரு படம் அனுப்பி, "இதை மாத்தணுமா, அப்படியே விட்டுடலாமா?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் எச்.எம்.டி.; சில நேரம் ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட் போன்ற சுவிஸ் வாட்ச்சுகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிச் சலித்துப்போய், கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டு, பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். சாவி கொடுத்து ஓடும் வாட்ச்சுகளைத்தான் முக்கியமாகப் பேசுகிறேன். பேட்டரி வாட்ச்சுக்குக் கடைசிப் பக்கம் ஒரு கேள்வி இருக்கிறது.

தாத்தாவோட எச்.எம்.டி. பீரோவுல கெடச்சுது. இருபது வருஷமா யாரும் கட்டல. சாவி கொடுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். உள்ளே இருந்த எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். துரு இருந்தால் அதன் பொடியும் அதில் கலந்திருக்கும். முழுச் சாவி கொடுத்தால், வாட்ச்சை ஓட்டும் சுருளான மெயின் ஸ்பிரிங்கின் விசை அத்தனையும் அந்தப் பிசின்மேல்தான் இறங்கும். ஓடாமல் கிடந்த காலத்தில் வராத தேய்மானத்தை ஓடத் தொடங்கும் சில வாரங்கள் கொண்டுவந்துவிடும்.

சாவியை இரண்டு மூன்று சுற்று மெதுவாகத் திருப்பிப் பார்ப்பதில் தவறில்லை. மணல் அரைபடுவதுபோல் கரகரவென்று இருந்தாலோ, சாவி இறுகி நின்றாலோ அதோடு விடுங்கள். நேரம் வைக்க இழுக்கும்போது சாவி வர மறுத்தால் பலவந்தம் செய்யாதீர்கள். உள்ளே போகும் கம்பி துருப்பிடித்து ஒட்டியிருக்கும். முறிந்தால் பாதி உள்ளேயே தங்கிவிடும். முதலில் பின்மூடியைத் திறந்து பார்க்கக் கொடுங்கள்.

திறந்தாங்க. உள்ள ஒரே துருன்னு சொல்லிட்டாங்க. துருன்னா எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. வாட்ச்சுக்குள் மூன்று விதமான கெடுதல் நடக்கும், மூன்றும் வேறு வேறு. எஃகு உறுப்புகளில் வருவது செந்துரு. பித்தளையில் வருவது பச்சைக் களிம்பு. மூன்றாவது, பித்தளைத் தகடுகளின்மேல் பூசிய நிக்கல் மங்கிக் கறைபடிவது. பார்க்க அசிங்கமாக இருக்கும், மற்றபடி ஒன்றும் செய்யாது.

பயப்பட வேண்டியது செந்துருவுக்குத்தான். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மேலும் மேலும் அரிக்கும், பொடியாக உதிரவும் செய்யும். அந்தப் பொடி, சக்கரங்களின் அச்சு முனைகள் சுழலும் கற்களுக்குள் எண்ணெயோடு சேர்ந்தால் தேய்க்கும் மாவாகிவிடும். துருப்பிடித்த உறுப்பைவிட அதன் பக்கத்தில் நன்றாக இருக்கும் உறுப்புதான் முதலில் பாழாகும்.

எந்த இடத்தில் துரு என்பதையும் கேளுங்கள். வியர்வையும் தண்ணீரும் பெரும்பாலும் சாவி நுழையும் துளை வழியாகத்தான் உள்ளே போகின்றன. அதனால் சாவிக் கம்பி, அதைச் சுற்றியுள்ள சிறு பல்சக்கரங்கள், நெம்புகோல்கள் ஆகியவற்றில் முதலில் பிடிக்கும். துரு அந்த மூலையோடு நின்றிருந்தால் வாட்ச்சைக் காப்பாற்றுவது எளிது. முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம் வரை பரவியிருந்தால் கதை வேறு.

அப்போ துருப்பிடிச்ச எல்லாத்தையும் மாத்திடணுமா?

நான் இரண்டு விஷயம்தான் பார்ப்பேன். துரு இன்னும் நகர்கிறதா? அந்த உறுப்பு இன்னொன்றைக் கெடுக்குமா? இரண்டுக்கும் "இல்லை" என்றால் கை வைக்க வேண்டியதில்லை. ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் ஏதாவது செய்தாக வேண்டும், ஆனால் மாற்றுவது மட்டுமே வழி இல்லை.

திருகுகளின் தலை, தட்டையான பிடிப்பான்கள் போன்றவற்றில் மேலோட்டமான துரு இருந்தால் கண்ணாடி இழைத் தூரிகையால் சுரண்டி எடுத்து, கழுவி, காயவைத்து மாட்டிவிடலாம். கொஞ்சம் குழி தெரியும், தெரியட்டும். சக்கரத்தின் அச்சு முனையில் துரு என்றால் கதை வேறு: தலைமுடி கனமே உள்ள முனை அது. லேசான கறை என்றால் தேர்ந்தவர் மெருகேற்றிச் சரிசெய்துவிடுவார். குழி விழுந்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் கல்லையும் கெடுக்கும். சாவிக் கம்பி துருவில் மெலிந்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். அதற்கு யாரும் சென்டிமென்ட் பார்ப்பதில்லை.

மெயின் ஸ்பிரிங், கிளாஸ், ரப்பர் வளையம் எல்லாம் ஒரிஜினலாவே இருக்கணும்னு ஒருத்தர் சொல்றாரே?

அவர் வாட்ச் கட்டுபவர் இல்லை, விற்பவராக இருப்பார். இந்த மூன்றும் தேய்ந்து தீர்வதற்கென்றே செய்யப்பட்டவை. அந்த வாட்ச் சர்வீஸுக்குப் போன காலத்திலேயே ஒருமுறையாவது மாறியிருக்கும். பழைய நீல எஃகு மெயின் ஸ்பிரிங் விறைப்பை இழந்து தொய்ந்துவிடும், சொல்லாமல் கொள்ளாமல் முறியவும் செய்யும். முறியும்போது அடிக்கிற அடியில் பக்கத்துச் சக்கரத்தின் பல் போன வாட்ச்சுகளைப் பார்த்திருக்கிறேன். அளவு சரியாக உள்ள புதிய கலப்பு உலோக ஸ்பிரிங்கைப் போட்டுக்கொள்வதில் ஒரு குற்றமும் இல்லை.

அக்ரிலிக் கிளாஸ் கீறல் மட்டும் என்றால் பற்பசை போட்டுத் தேய்த்தாலே போதும். விரிசல் என்றால் மாற்றுங்கள். அதன் வழியாக ஈரம் நேரே டயலில் இறங்கும்.

ஹேர் ஸ்பிரிங்ல ஒரே ஒரு புள்ளி துரு. அதுக்குப்போய் மாத்தணுங்கறாங்க. ஏமாத்தறாங்களா?

நீல எஃகு ஹேர் ஸ்பிரிங் என்றால் ஏமாற்றவில்லை. வாட்ச்சின் நேரத்தைக் காப்பதே அந்தச் சுருள்தான். துரு அரித்த இடத்தில் அது மெலிகிறது, வலு குறைகிறது, வாட்ச் பின்தங்க ஆரம்பிக்கிறது. சுரண்டினால் இன்னும் மெலியும், சுருளின் வடிவமும் போய்விடும். மேலே சொன்ன "சுத்தம் செய்து மாட்டு" என்ற வழி இதற்கு மட்டும் செல்லாது.

ஆனால் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 1930களிலிருந்து புழக்கத்துக்கு வந்த நிவராக்ஸ் போன்ற கலப்பு உலோகச் சுருள்கள் எளிதில் துருப்பிடிக்காது. வெள்ளி நிறச் சுருளில் புள்ளி தெரிந்தால் அது காய்ந்த எண்ணெயாகவோ, வேறெங்கிருந்தோ விழுந்து ஒட்டிய துருப்பொடியாகவோ இருக்கலாம். எண்ணெயில் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் வாட்ச் பின்தங்காது, தலைதெறிக்க முன்னே ஓடும். கழுவினால் தீரும். ஆக, உங்கள் வாட்ச் பின்தங்குகிறதா, முந்துகிறதா என்று கேட்டாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

ஒரு திருகு துருப்பிடிச்சு உள்ளயே உடைஞ்சுடுச்சாம். பிளேட்டையே மாத்தணுமா?

பொதுவாகத் தேவையில்லை. இதற்கான மருந்து படிகாரம், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அதே படிகாரம்தான். அதை வெந்நீரில் கரைத்துப் பித்தளைத் தகட்டை அதில் போட்டு, சூடு ஆறாமல் வைத்திருந்தால் கரைசல் எஃகை மெல்ல மெல்லத் தின்றுவிடும், பித்தளையைத் தொடாது. சில மணி நேரமோ, ஒரு நாளுக்கு மேலோ ஆகலாம். கடைசியில் திருகு கருப்புச் சேறாக வெளியே வரும்.

தகட்டில் வேறு எஃகு எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. ஒரு சிறு ஊசியை மறந்து விட்டுவைத்தால் அதுவும் போய்விடும். வீட்டில் முயன்று பார்க்காதீர்கள், வாட்ச் ரிப்பேர்காரரிடம் "படிகாரத்துல போட்டுப் பார்த்தீங்களா?" என்று மட்டும் கேளுங்கள். பிளேட்டை மாற்றலாம் என்றவர் கொஞ்சம் யோசிப்பார்.

டயல் முழுக்கப் புள்ளி. புதுசு மாதிரி பெயிண்ட் அடிச்சுத் தர்றேங்கறார். செஞ்சுக்கலாமா?

எனக்கு வரும் கேள்விகளிலேயே அதிகம் இதுதான். என் பதில் ஏறக்குறைய எப்போதும் "வேண்டாம்".

முதல் காரணம்: டயல் வேலை செய்யும் உறுப்பு இல்லை. அதில் உள்ள புள்ளியோ, வெயிலில் பழுத்த நிறமோ இன்னொன்றைக் கெடுப்பதில்லை. மேலே சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் பெரும்பாலும் "இல்லை" என்பதே விடை. வார்னிஷ் உரிந்து செதில் செதிலாகக் கீழே விழுகிறது என்றால் மட்டும் அது மெஷினுக்கு ஆபத்து. அப்போதும் உதிர்வதை நிறுத்த முடியுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது காரணம், திரும்ப வர முடியாது. மறு பெயிண்ட் என்றால் பழைய அச்சு முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாக அடிப்பார்கள். எச்.எம்.டி.யின் ஜனதா மாடலில் உள்ள இந்தி எழுத்து, சிறு கோடுகளின் மெல்லிய இடைவெளி, ஆறாம் எண்ணுக்குக் கீழே பொடியாக இருக்கும் வரிகள், இவையெல்லாம் தொழிற்சாலை அச்சில் இருந்த கூர்மையோடு வராது. எழுத்து தடித்து, கோடு கோணலாகி, சில நேரம் எழுத்துப்பிழையோடும் வரும். பழைய சுவிஸ் வாட்ச்சுகளுக்குக் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் புது டயல் அடித்து இணையத்தில் விற்பது நம் நாட்டில் பெரிய வியாபாரம். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அதற்கு "மும்பை ஸ்பெஷல்" என்று பெயரே வைத்துவிட்டார்கள், அது பாராட்டு இல்லை.

டயலை வீட்டில் துடைக்கவும் வேண்டாம். குத்துவிளக்கு துலக்குவதுபோல் புளி, எலுமிச்சை போட்டால் அழுக்கோடு எழுத்தும் வந்துவிடும். காற்றூதி தூசி தட்டுவதோடு நிறுத்துங்கள். அதே காலத்து நல்ல டயல் ஒன்று கிடைத்து, உங்களுக்குக் கட்டாயம் மாற்ற வேண்டும் என்றிருந்தால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் பழையதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அது மீட்கக்கூடிய முடிவு.

முள்ளுல இருக்கற ரேடியம் கருத்து உதிருது. சுரண்டிட்டுப் புதுசு பூசச் சொல்லட்டுமா?

இதில் மட்டும் அழகைப் பற்றிப் பேசுவதற்கு முன் உடம்பைப் பற்றிப் பேச வேண்டும். 1960களுக்கு முந்தைய, இருட்டில் ஒளிரும் முள் உள்ள சுவிஸ் வாட்ச் என்றால் அதில் இருப்பது கதிரியக்கம் உள்ள உண்மையான ரேடியமாகவே இருக்கலாம். "இப்ப ஒளிரலையே, செத்துப்போச்சு" என்பார்கள். செத்தது அதோடு கலந்த, ஒளியைத் தரும் துத்தநாக சல்பைடுதான். ரேடியம்-226 பாதியாகக் குறையவே 1600 ஆண்டுகள் ஆகும்.

கிளாஸுக்குள் மூடியிருக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. பொடியாகி மூச்சிலோ வாயிலோ போவதுதான் ஆபத்து. 1920களில் அமெரிக்காவில் டயலுக்கு ரேடியம் பூசிய பெண்கள் பலர், தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கியதால் தாடை எலும்பு அழுகி இறந்தார்கள். ஆகவே வீட்டில் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், ரிப்பேர்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். உதிரும் முள்ளை மாற்றுவதை நான் ஆதரிப்பது இந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான். கழற்றியதை ஜிப் வைத்த பையில் மூடி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

டயலின் அடியில் "சுவிஸ்" என்ற சொல்லின் இரு பக்கமும் ஆங்கில "டி" எழுத்து இருந்தால் அது டிரிடியம், ரேடியத்துக்குப் பதிலாக வந்த இன்னொரு கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள் 12 ஆண்டு சொச்சம்தான், பழையவற்றில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும்.

கேஸ்ல வெள்ளை போய் மஞ்சளா பித்தளை தெரியுது, பச்சையா வேற பிடிச்சிருக்கு. முலாம் போட்டுடலாமா?

அக்காலத்து மலிவான மாடல்கள் பலவற்றின் கேஸ் (வெளிக்கூடு) பித்தளையால் செய்து குரோமியம் பூசியது, பின்மூடி மட்டும் எஃகு. நம் ஊர் வியர்வையில் ஸ்ட்ராப் உரசும் காதுப் பகுதியில் பூச்சு முதலில் போகும். பச்சைக் களிம்பை மட்டும் மரக்குச்சியால் சுரண்டி, சோப்பு நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்தால் போதும். இதை மெஷினைக் கழற்றிய பிறகுதான் செய்ய வேண்டும்.

மறுமுலாம் பூச வேண்டுமானால் குழிகள் மறையும்வரை ராவ வேண்டும். அதில் கேஸின் கூர் விளிம்புகள் எல்லாம் மழுங்கி சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். எனக்கு அது பிடிக்காது. ஆனால் இது ருசி சம்பந்தப்பட்ட விஷயம், டயலைப்போல் அடித்துச் சொல்ல மாட்டேன். பித்தளை பட்டுத் தோலில் அரிப்பு வருகிறவர்களுக்கு முலாம் தேவைப்படலாம்.

பார்க்க வேண்டியது வேறு இரண்டு இடங்கள். ஸ்ட்ராப் மாட்டும் ஊசி நுழையும் துளை அரித்து அகலமாகியிருந்தால் வாட்ச் ஒருநாள் கையிலிருந்து நழுவும், கட்டாயம் சரிசெய்யுங்கள். அடுத்தது, எஃகுப் பின்மூடியின் ரப்பர் வளையம் உட்காரும் பள்ளம். அங்கே குழி இருந்தால் எந்த வளையம் போட்டாலும் ஈரம் நுழையும். பின்மூடியில் "பணி ஓய்வு" என்று பெயரும் தேதியும் வெட்டியிருந்தால் அதன்மேல் பாலிஷ் சக்கரம் படவே கூடாது.

எச்.எம்.டி.யையே மூடிட்டாங்களே, பார்ட்ஸுக்கு எங்க போறது?

எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது. 2016இல் மத்திய அமைச்சரவை எச்.எம்.டி. வாட்ச்சஸ் நிறுவனத்தை மூட ஒப்புதல் தந்தது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் அவர்கள் செய்து குவித்த எண்ணிக்கை கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரே வகை மெஷினைப் பல மாடல்களில் போட்டிருப்பதால் ஓடாத வாட்ச் ஒன்றை வாங்கி, உறுப்பு எடுப்பது இன்றும் சுலபம். பழைய ரிப்பேர் கடைகளின் தகர டப்பாக்களில் இன்னும் இருக்கிறது.

சுவிஸ் வாட்ச் என்றால் டயலில் உள்ள பெயரை வைத்துத் தேடாதீர்கள். மெஷினில் பேலன்ஸ் சக்கரத்துக்குக் கீழேயோ தகட்டின் ஓரத்திலோ ஒரு எண் பொறித்திருக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் உறுப்பு தேட வேண்டும், ஒரே மெஷின் பல பெயர்களில் விற்கப்பட்டது.

இதெல்லாம் எதுக்கு, நல்லா ஓடற வேற மெஷினையே தூக்கிப் போட்டுடலாமே?

செலவு குறையும், உண்மைதான். துரு மெஷின் முழுக்கப் பரவி, அச்சு முனைகளும் ஹேர் ஸ்பிரிங்கும் போய்விட்டால் நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் சாவிப் பக்கத்து மூலையில் மட்டும் துரு என்றால், நான்கைந்து சிறு உறுப்புகளுக்காக முழு மெஷினையும் தூக்கிப்போடுவது சோம்பேறித்தனம்.

இன்னொரு சிக்கல்: ஒன்றின் கேஸ், ஒன்றின் மெஷின், ஒன்றின் முள் என்று கலந்து கட்டிய வாட்ச்சுகள் சந்தையில் ஏராளம். உங்கள் வீட்டு வாட்ச்சில் அப்படிச் செய்தால் செய்ததை எழுதி வையுங்கள். உங்கள் பேரன் அதை "அப்படியே தாத்தா கட்டினது" என்று விற்றால் அது மோசடியாகிவிடும்.

மாத்தினா விலை குறையுமா?

உள்ளே மாறும் ஸ்பிரிங், கம்பி, அச்சு போன்றவற்றால் குறையாது. ஓடுகிற, சர்வீஸ் செய்த வாட்ச்சுக்கு மதிப்பு கூடத்தான் செய்யும். கண்ணுக்குத் தெரியும் டயல், முள், கேஸ், பெயர் பொறித்த சாவி மாறினால் குறையும். டயலில்தான் அடி அதிகம்.

ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: ஓர் எச்.எம்.டி. ஜனதாவுக்கு முறையான சர்வீஸும் உறுப்பும் சேர்த்தால், அதே போன்ற இன்னொரு வாட்ச்சின் விலையைத் தாண்டிவிடலாம். லாபக் கணக்கு பார்க்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது என்ன சொல்லிக் கொடுக்கணும்?

கொடுப்பதற்கு முன் டயலையும் மெஷினையும் தெளிவாகப் படம் எடுங்கள். "கேட்காம எதையும் பாலிஷ் பண்ணாதீங்க, டயலைத் தொடாதீங்க, கழற்றினதைத் திருப்பிக் கொடுங்க" என்ற மூன்றையும் ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். கழற்றிய உறுப்பைத் தர முடியாது என்கிற கடையில் நான் கொடுப்பதில்லை.

எப்படிக் கழுவுவார் என்றும் கேளுங்கள். முழு மெஷினையும் கழற்றாமல் அப்படியே பெட்ரோலில் முக்கி எடுத்து எண்ணெய் விடுவது இன்றும் நடக்கிறது. அழுக்கும் துருப்பொடியும் கற்களுக்குள்ளேயே தங்கிவிடும். ஸ்பிரிட்டில் நெடுநேரம் ஊறவைப்பதும் தவறு. சக்கரத்தைத் தடுத்துத் தடுத்து விடும் பேலட் என்ற உறுப்பின் சிறு கற்களை ஒட்டியிருப்பது அரக்கு, அது ஸ்பிரிட்டில் கரையும். வேலை முடிந்ததும், வாட்ச்சின் டிக் ஒலியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். முழுச் சாவியில், டயல் மேலே பார்த்தபடி பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு 250 பாகைக்கு மேல் காட்டினால் பழைய வாட்ச்சுக்கு மகிழ்ச்சியான செய்தி. 200க்குக் கீழே என்றால் எங்கோ இன்னும் உரசுகிறது.

அப்பாவோட டைட்டன் பேட்டரி வாட்ச். உள்ள பேட்டரி ஒழுகிப் பச்சையா ஆயிடுச்சு. இதுக்கும் இதே நியாயமா?

இல்லை. டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமும் சேர்ந்து 1984இல் தொடங்கி, ஓசூரில் ஆலை வைத்த டைட்டனின் முதல் வாட்ச்சுகளுக்கே இப்போது வயதாகிவிட்டது, அதனால் இந்தக் கேள்வி இனி நிறைய வரும். பேட்டரி ஒழுக்கு காரம். துளி வினிகர் தொட்ட குச்சியால் துடைத்து, பிறகு தூய நீரால் துடைத்துக் காயவைத்தால் தொடுமுனைகள் பிழைக்கலாம். தலைமுடியைவிட மெல்லிய கம்பிச் சுருள் அறுந்திருந்தால் மெஷினையே மாற்றுங்கள். குவார்ட்ஸ், அதாவது பேட்டரி வாட்ச்சின் மெஷின் பெரும்பாலும் முழுசாகக் கழற்றி மாட்டும்படிதான் வடிவமைக்கப்படுகிறது. டயலுக்கும் கேஸுக்கும் மட்டும் மேலே சொன்னவை அப்படியே பொருந்தும்.

அண்ணன் "அப்பா வாட்ச்சுல ஒரு திருகுகூட மாறக்கூடாது"ங்கறான். எனக்கோ தினம் கட்டணும். யார் சொல்றது சரி?

உங்கள் அண்ணன் தரப்பில் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் ஜான் ஹாரிசன் 1759இல் முடித்த எச்-4 என்ற கடல் கடிகாரம் கிரீனிச் ஆய்வகத்தில் ஓடாமல்தான் இருக்கிறது. அதற்கு எண்ணெய் தேவை, ஓடினால் தேயும், தேய்ந்தால் மாற்ற வேண்டி வரும் என்பதால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எண்ணெய் தேவைப்படாத அவருடைய முந்தைய கடிகாரங்கள் ஓடுகின்றன. அவற்றில் முதலாவது பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்ததை 1920இல் எடுத்துச் சுத்தம் செய்யத் தொடங்கியவர் ரூபர்ட் கூல்ட் என்ற கடற்படை அதிகாரி.

ஆனால் "ஒரு திருகுகூட மாறக்கூடாது" என்பதும் "தினம் கட்டணும்" என்பதும் சேர்ந்து நடக்காது. ஓடாமல் வைத்தாலும்கூடத் துருவை மட்டும் எடுத்தாக வேண்டும். தொடாமல் விட்டால் அண்ணன் காப்பாற்ற நினைக்கும் அதே திருகைத்தான் அது தின்னும். தினம் கட்டுவதென்றால் மெஷினுக்குள் தேவையானது மாறட்டும், வெளித்தோற்றம் அப்படியே இருக்கட்டும் என்று பேசி முடியுங்கள். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் இதற்கு ஒத்துக்கொள்கிறார்கள். சண்டை வருவது டயலில்தான், அதற்கு என் ஓட்டு அண்ணனுக்கு.

எல்லாம் சரி பண்ணியாச்சு. மறுபடி துரு வராம இருக்க?

தினமும் கழற்றியதும் பின்மூடியின் வியர்வையை உலர்ந்த துணியால் துடையுங்கள். கை கழுவும்போதுகூடக் கழற்றிவிடுங்கள், பின்மூடியில் "வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்று எழுதியிருந்தாலும் அந்த வாக்குறுதி காலாவதியாகிப் பல காலம் ஆகிறது. கடலோர ஊர்க்காரர்கள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கிளாஸின் உட்புறம் ஒருமுறை ஆவி படிந்தாலும் "தானா காஞ்சிடும்" என்று விடாமல் அதே நாளில் திறக்கக் கொடுங்கள். சர்வீஸ் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.